ஓரத்தில் நின்ற கேள்வி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் நலம். நீ, உன் மனைவி, வாண்டு மூவரும் சுகம்தானே? வாண்டுக்கு முன்பல் விழுந்துவிட்டதா, இன்னும் நாக்கால் ஆட்டிக்கொண்டேதான் திரிகிறாளா?

நீ தட்டிக்கொட்டி அனுப்பிய மடிக்கணினி பத்திரமாக வந்து சேர்ந்தது. பதிப்பகத்தில் கொடுத்திருந்த கணினியில் ஒரு கோப்பு திறப்பதற்குள் நான் குளித்துவிட்டே வந்துவிடலாம். இது அப்படியில்லை, தட்டினால் திறக்கிறது. லினக்ஸ் என்றால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும், நமக்கெல்லாம் சரிப்படாது என்று நினைத்திருந்தேன். நீயும் உன் கூட்டாளிகளும் ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து செய்த இந்தப் 'பலகணி' மெய்ப்புத் திருத்துகிற எனக்கும் புரிகிற மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் இதற்குத் தமிழ் போட்ட மகானுபாவன் யார்? ஒரு சாளரம் மூடாமல் அடம் பிடித்தது. வலது பக்கம் அழுத்தினேன். "இச்சாளரத்தைக் கொல்லவா? ஆம், இல்லை" என்று கேட்கிறது. அது என்ன பாவம் செய்தது? இன்னொரு இடத்தில் "பணியிடம் 3 காலியாக உள்ளது" என்றிருந்தது. அத்தான் அதைப் படித்துவிட்டு, "சம்பளம் எவ்வளவுனு கேளு, நான் விண்ணப்பம் போடுறேன்" என்கிறார்.

ஒரு உதவி வேண்டும். மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை, வலது மூலையில் மணி, இடது மூலையில் பட்டியல் என்று திரை முழுக்கக் கடை விரித்திருக்கிறீர்கள். இத்தனையும் எனக்கு எதற்கு? திருத்துகிற பக்கம் மட்டும் திரைக்கு நடுவில், செய்தித்தாள் பத்தி அகலத்துக்கு இருந்தால் போதும். சுற்றிலும் கறுப்பாக இருக்கட்டும். செய்ய முடியுமா?

பதிலைத் தாளிலேயே எழுதி அனுப்பு. திரை கறுத்துப்போனால் நீ சொன்ன வழியை நான் எதில் படிப்பது? போனில் நீ பேசுகிற வேகத்துக்கு எழுதிக்கொள்ள என்னால் ஆகாது.

நாற்பதைத் தொடப் போகிறாய். ஒருமுறை கண்ணைக் காட்டிவிடு. கண்ணாடிக் கடையில் அல்ல, டாக்டரிடம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பல் விழுந்துவிட்டது, அதை வாண்டு ஒரு தீப்பெட்டியில் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள். அத்தானின் முதுகு வலி எப்படி இருக்கிறது?

தமிழ் போட்டவர் எங்கள் குழுவில் இருந்த ஒரு கல்லூரிப் பையன். படிப்பு முடிந்ததும் ஆளைக் காணோம். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் அந்த வேலையை நீயே எடுத்துக்கொள். இப்படிப்பட்ட மென்பொருளில் அதுதான் வசதி. குறை கண்டுபிடித்தவர் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிடுவோம். வாக்கியங்களை எல்லாம் ஒரு கோப்பாக அனுப்புகிறேன்.

நீ கேட்டது சுலபம்தான். முதலில் ஒன்றைப் புரிந்துகொள். பலகணி என்பது ஒரு பேருந்து என்று வைத்துக்கொள். இருக்கை, விளக்கு, மணி, முன்னால் தொங்கும் பலகை எல்லாம் சேர்ந்தது பேருந்து. அதற்குள் ஒரு நடத்துநர் இருப்பார் அல்லவா? "உள்ள போங்க, ஓரமா நில்லுங்க, படியில நிக்காதீங்க" என்று ஆளை நகர்த்துகிறவர். அவர்தான் சாளர மேலாளர். எந்தச் சாளரம் எங்கே உட்கார வேண்டும், எது முன்னால், எது பின்னால் என்று தீர்மானிப்பது அது. மற்றவர்களின் மென்பொருளில் அந்த நடத்துநரிடம் நாம் ஒன்றும் சொல்ல முடியாது. எங்கள் நடத்துநருக்கு ஒரு கோப்பில் எழுதிவைத்தால் அப்படியே கேட்பார். இதனுடன் இருக்கும் தாளில் நான்கு வரி எழுதியிருக்கிறேன். அடைப்புக்குறி ஒன்று விடாமல் அப்படியே தட்டெழுது. திரை கறுத்துப்போனால் எந்த விசைகளைத் தட்ட வேண்டும் என்பது தாளின் பின்பக்கம் இருக்கிறது.

பட்டைகளை எடுத்துவிட்டால் மணி எத்தனை என்று எப்படிப் பார்ப்பாய்? சுவரில் கடிகாரம் இருக்கிறதா?

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கு நலம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். அத்தானின் முதுகு இப்போது தேவலை.

நீ விடாதே என்று சொன்ன அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவள் தன் பிழையைப் பார்க்கவில்லை. திரை கறுத்துவிட்டது. அத்தான் உன் தாளின் பின்பக்கத்தைச் சத்தமாக வாசிக்க, நான் குருட்டாம்போக்கில் விசைகளைத் தட்ட, கடைசியில் பலகணி எழுந்து உட்கார்ந்தது. அதன்பின் நீ சொன்னபடியே பக்கம் நடுவில் வந்துவிட்டது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் வெள்ளைப் பத்தி. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு அத்தியாயத்தை மூச்சு விடாமல் திருத்தினேன். உன் நடத்துநர் நல்ல மனிதர்.

மொழிபெயர்ப்பை ஆரம்பித்துவிட்டேன். 'கொல்' போய் 'கட்டாயமாக மூடு' ஆயிற்று. 'பணியிடம்' எல்லாம் 'மேசை'. மேசை 1, மேசை 2. காலி மேசைக்கு யாரும் விண்ணப்பம் போட மாட்டார்கள். நாம் தட்டுவதை இப்போது எந்தச் சாளரம் வாங்கிக்கொள்கிறதோ, அதற்குக் 'குவியச் சாளரம்' என்று அந்தப் பையன் போட்டிருக்கிறான். அது பூதக்கண்ணாடி மாதிரி இருக்கிறது. நான் 'கேட்கும் சாளரம்' என்று மாற்றினேன். நாம் சொல்வதைக் கேட்கிற சாளரம். சரியா?

இன்னும் இரண்டு தொல்லை. சுட்டி அம்பு அடிக்கடி காணாமல் போகிறது. எலியைப் பிடித்து மேசை முழுக்க உழுதால்தான் அகப்படுகிறது. பிறகு, எது கேட்கும் சாளரம் என்று தெரியாமல் நான்கு வரியை வேறெங்கோ தட்டிவிடுகிறேன். ஓரத்தில் மெல்லிசாக ஒரு நீலக்கோடு போட்டிருக்கிறீர்களாம், அத்தான் சொன்னார்.

தோளில் ஒரு சிராய்ப்பு. தச்சன் புது அலமாரியை வாசல் ஓரமாகவா வைப்பான்? நேற்று காப்பி டம்ளரும் போயிற்று. கவலைப்படாதே, மெய்ப்பின் மேல் கொட்டவில்லை.

கண்ணைக் காட்டினாயா? உன் மனைவி வேலை பார்க்கிற மருத்துவமனையிலேயே கண் பிரிவு இருக்கிறதே. அவள் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு நாலு கதவு தள்ளித்தானே?

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். காப்பிக்கு இனி மூடி போட்ட டம்ளர் வாங்கிக்கொள்.

சுட்டிக்கு ஒரு வழி செய்துவிட்டேன். இடது கன்ட்ரோல் விசையை இரண்டு முறை தட்டினால் அம்பைச் சுற்றி ஒரு மஞ்சள் வட்டம் விரியும். கேட்கும் சாளரத்துக்குப் பட்டையான ஆரஞ்சுக் கோடு போட்டிருக்கிறேன். கோடு பிடிக்கவில்லையென்றால், மற்ற சாளரங்கள் எல்லாம் மங்கிப்போகிற மாதிரியும் வைக்கலாம்.

'கேட்கும் சாளரம்' எங்கள் குழுவில் பெரிய வெற்றி. அதன் பொருளை மற்ற மொழிக்காரர்களுக்கு விளக்கினேன். அவர்களில் இருவர் தங்கள் மொழியிலும் அப்படியே மாற்றிவிட்டார்கள். உன்னை 'சொல் அக்கா' என்கிறார்கள்.

உன் நடுப்பக்கத்துக்குத்தான் கொஞ்சம் எதிர்ப்பு. எங்களிடம் ஒருவர் இருக்கிறார். எது கொண்டுவந்தாலும் முதலில் வேண்டாம் என்பதால் முட்டுக்கட்டை என்று கூப்பிடுகிறோம், அவருக்கும் அது தெரியும். "உலகம் முழுக்கத் திரை அகலமாகிக்கிட்டே போகுது, இவங்க ஒருத்தருக்காகக் குறுக்கிக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் எங்கள் அக்கா தொழில்முறைப் பிழைதிருத்துநர், கவனம் சிதறக்கூடாது என்று கேட்கிறாள் என்றேன். சரியாகத்தானே சொன்னேன்?

மூன்று ஞாயிறாகப் போன் செய்கிறேன். அத்தான்தான் எடுக்கிறார். நீ குளிக்கிறாய் என்கிறார். இவ்வளவு சுத்தம் உடம்புக்கு ஆகாது அக்கா.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நலம்.

உன் பலகணி உறைந்துபோகிறது. ஒருமுறை என்றால் பொறுத்துக்கொள்வேன். இந்த மாதத்தில் மூன்று முறை. அகராதி வேலையில் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். பாதி எழுத்தில் நின்றுவிடுகிறது, எந்த விசைக்கும் பதில் இல்லை. முதல் இரண்டு முறையும் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒரு எழுத்தில் தொடங்கும் சொல்வரிசை முழுவதும் போயிற்று. கத்தரிக்கோல் அம்மாவிடம் (எங்கள் தலைமை ஆசிரியரை அப்படித்தான் சொல்வோம்) கைகட்டி நின்றேன். "உங்ககிட்ட இருந்து இது மாதிரி வராதே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்றாவது முறை அத்தானைக் கூப்பிட்டேன். வந்து எட்டிப்பார்த்து, "இதோ மூலையில கேட்டுக்கிட்டு நிக்குதே, சேமிக்கவா வேண்டாமானு" என்று எதையோ அழுத்தினார். உடனே ஓட ஆரம்பித்தது. நின்றிருக்கலாம். நான் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை.

உங்கள் முட்டுக்கட்டை சொன்னது சரி. ஒருத்திக்காக நீங்கள் எதையும் குறுக்க வேண்டாம். கணினியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பதிப்பகத்தின் பழையதே போதும். மொழிபெயர்ப்பை மட்டும் முடித்துத் தருவேன், ஒப்புக்கொண்டதை விடமாட்டேன்.

கண்ணைக் காட்டினாயா என்று மூன்றாம் முறை கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். இந்த முறை பதில் வேண்டும் என்று கேட்கிறேன்.

உன் கடிதம் வந்ததும் முதலில் எனக்குக் கோபம்தான். எழுதிய நிரலை ஒருவர் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி சுருக்கென்கிறது. உறைவதற்கு என்ன காரணம் என்று இரண்டு நாள் தேடினேன். என் கணினியில் ஒருமுறைகூட உறையவில்லை. பிறகு உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அத்தான் வந்தபோது கேள்விப் பெட்டி வலது மூலையில் நின்றிருக்கிறது. நீ கூப்பிட்டு அவர் வருவதற்குள் வந்து நின்றதல்ல, அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்லும்வரை மற்ற எந்த விசையும் வேலை செய்யாது. அப்படித்தான் நான் எழுதியிருக்கிறேன். ஆகவே கணினி உறையவில்லை. அது கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறது.

சமையலறையில் காகிதச் சுருள் தீர்ந்த அட்டைக்குழாய் இரண்டு கிடந்தது. அவற்றை என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிப் போட்டுக்கொண்டு, உன் அமைப்பிலேயே ஒரு மாலை முழுக்க வேலை பார்த்தேன். வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன கோலம் இது?" என்றாள் என் மனைவி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுட்டி காணாமல் போயிற்று. நீலக்கோடு தெரியவில்லை. மூலையில் பெட்டி வந்தது எனக்குத் தெரியவில்லை, வாண்டுதான் சொன்னாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், கதவு நிலையில் தோள் இடித்தது.

ஜனவரியிலிருந்து நீ கேட்ட ஒவ்வொன்றும் அந்தக் குழாய்க்குள் இருந்து பார்த்தால் நியாயமாக இருக்கிறது.

அக்கா, உன் கண்ணுக்கு என்ன?

அன்புடன்,
தம்பி


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. கணினியும் திரும்பி வரவில்லை, அதை நான் நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்க மாட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது சொல். அத்தானிடமும் கேட்கவில்லை. அவரைப் பொய் சொல்ல வைப்பது பாவம், மனிதருக்கு அது வரவும் இல்லை. போன வாரம் நீ எங்கே என்றால் "கடைக்கு... குளிக்க" என்கிறார்.

இந்தக் கடிதத்துடன் ஒரு சிறிய நினைவுக்குச்சி இருக்கிறது. கணினியில் செருகு, மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். இனி எந்தக் கேள்விப் பெட்டியும் மூலைக்குப் போகாது. நீ எந்த வரியில் இருக்கிறாயோ அதற்கு நேர் கீழே வந்து நிற்கும், வரும்போது ஒரு சின்னச் சத்தம் போடும். காணாமல் போன சொல்வரிசையை மீட்க முடியவில்லை, மன்னித்துவிடு. ஆனால் இனி நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே சேமித்துக்கொள்ளும்.

இதைப் பரிதாபப்பட்டுச் செய்தேன் என்று நினைக்காதே. குழாய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அன்றுதான், நான் எவ்வளவு மோசமாக எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. முக்கியமான கேள்வியைப் போய் மூலையில் நிறுத்துவானா ஒருவன்?

அன்புடன்,
தம்பி


ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதக் கை போகிறது. பழக்க தோஷம். அத்தான் நலம். எனக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. நீ கணினி அனுப்புவதற்கு முன்பே தெரியும்.

வலியில்லை, சிவப்பில்லை, ஒன்றும் இல்லை. அதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். நடுவில் இருப்பது எனக்கு ஊசிமுனை மாதிரி தெரிகிறது. பொடி எழுத்து படிப்பேன். ஓரம்தான் இல்லை. கறுப்பாகத் தெரிகிறது என்று நினைக்காதே, வெறுமனே இல்லை. சாலையைக் கடக்கும்போது ஒரு சைக்கிள் எங்கிருந்தோ முளைத்து வந்து உரசிக்கொண்டு போனபிறகுதான் டாக்டரிடம் போனேன். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பொட்டு வெளிச்சம் தெரிந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ஒழுங்காக அழுத்திக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தேன். முடிந்ததும் டாக்டரம்மா தாளைக் காட்டினார். வட்டத்தின் ஓரமெல்லாம் மை பூசியிருந்தது.

"போனது திரும்ப வராதும்மா. இருக்கிறதக் காப்பாத்தலாம். தினமும் சொட்டு விடணும், ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றார். பிறகு, "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தம்பி."

"அவரயும் வந்து பாக்கச் சொல்லுங்க. இது குடும்பத்துல வரும். உங்கள மாதிரியே அவருக்கும் ஒண்ணும் தெரியாது. சீக்கிரம் பாத்தா ஒண்ணும் போகாது."

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒவ்வொரு கடிதத்திலும் கண் கண் என்று அடித்துக்கொண்டேன் என்று? நேராகச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உனக்கும் இருக்கலாம் என்று என் வாயால் சொன்னதாகும். உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. அதற்கு எழுத வரவில்லை. இன்னொன்று, பிழைதிருத்துகிறவளுக்குக் கண் போகிறது என்று தெரிந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? உன்னிடம் சொன்னால் அது ஊருக்கே சொன்ன மாதிரி நிஜமாகிவிடும் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. சூசகமாக நலம் விசாரிப்பிலேயே வேலையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். நலம் விசாரிப்பை யார் படிக்கிறார்கள்? நீ ஒருமுறைகூடப் பதில் எழுதவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தை அத்தான் படித்துவிட்டு, மடித்து என் கையில் வைத்தார். "அவன் குழாய மாட்டிக்கிட்டுப் பாத்திருக்கான். நீ இன்னும் ஒளிச்சுக்கிட்டு இருக்க" என்றார். அதற்கப்புறமும் ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டேன். அந்த நினைவுக்குச்சியைச் செருகினேன். கேள்விப் பெட்டி நேரே என் வரிக்குக் கீழே வந்து, மெல்ல ஒரு சத்தம் போட்டு, சேமிக்கவா என்றது. அதற்கு 'ஆம்' சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

போ தம்பி. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போ.

அன்புடன்,
அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

போனேன்.

உன் கடிதத்தை என் மனைவி பக்கத்தில் நின்று படித்தாள். "அவங்க ஜனவரியிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. நீங்க சுட்டிக்கு வட்டம் போட்டீங்க, கண்ணப் பத்தி ஒரு வரி எழுதல" என்றாள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகும்போதே என்னையும் இழுத்துக்கொண்டு போய்க் கண் பிரிவு வாசலில் உட்காரவைத்துவிட்டுத்தான் தன் மருந்து ஜன்னலைத் திறந்தாள்.

எனக்கும் இருக்கிறது. பதறாதே, முழுக்கப் படி. இரண்டு கண்ணிலும் அழுத்தம் அதிகம், வலது கண் நரம்பில் சின்னதாக ஒரு பள்ளம் ஆரம்பித்திருக்கிறது. கிண்ணத்துக்குள் முகம் வைத்துப் பொட்டெல்லாம் எண்ணினேன், ஒன்றும் தவறவில்லை. "இன்னும் நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்கனா கதை வேற. யார் அனுப்புனாங்க?" என்றார் டாக்டர். எங்க அக்கா என்றேன். ராத்திரி ஒரு சொட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு பரிசோதனை. அவ்வளவுதான். வாண்டையும் பார்த்தார்கள், அவளுக்கு ஒன்றுமில்லை. பெரியவளானதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். பரிசோதனைக் கிண்ணம் ஒன்று வீட்டுக்கு வேண்டும் என்று அழுதாள்.

உன்னால் எனக்கு எதுவும் போகாமல் இருந்தது அக்கா. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம்தான் குழுவில் எல்லோரிடமும், உன் அனுமதியில்லாமல், பெயர் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். நாலு நாள் கழித்து, பக்கம் நடுவில் பத்தியாக நிற்பது, மற்ற சாளரங்கள் மங்குவது, சுட்டி வட்டம், வரிக்குக் கீழே வந்து நிற்கும் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விசையில் இயங்கும்படி முட்டுக்கட்டையே எழுதி அனுப்பினார். கூடவே ஒரு வரி: "எல்லாரோட கணினியிலும் முதலிலேயே இருக்கட்டும். தேடிப் போட வேண்டியதா இருந்தா, தேவைப்படுறவங்க கண்ணுல அது படாது." மனிதர் முதல்முறையாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அடுத்த பதிப்பில் வருகிறது. பெயர்தான் இல்லை. 'குறைபார்வை முறை' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். சொல் அக்காவின் தீர்ப்பு வேண்டும்.

உன் வேலை விஷயம் என்ன ஆயிற்று? அத்தானுக்கு என் வணக்கம். இனி அவர் பொய் சொல்ல வேண்டாம் என்று சொல்.

அன்புடன்,
தம்பி


ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. என் அழுத்தம் கட்டுக்குள் நிற்கிறது, போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் வித்தியாசம் இல்லை என்றார் டாக்டரம்மா. இனி எங்கள் வீட்டில் நலம் என்றால் இதுதான். நீ சொட்டு விடுகிறாயா? உன் மனைவி பாட்டிலைப் பார்த்துக் கணக்கு வைப்பாள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கேட்பேன்.

உன் கடிதத்தில் 'எனக்கும் இருக்கிறது' வரை படித்துவிட்டு மேலே படிக்க முடியாமல் அத்தானிடம் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை அவர்தான் வாசித்துக் காட்டினார். அழுதேன், பிறகு இருவருமாகச் சாப்பிட்டோம்.

கத்தரிக்கோல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அறைக்குப் போய், கதவைச் சாத்தி, நின்றபடியே சொன்னேன்.

"எத்தனை நாளா?" என்றார்.

"போன வருஷக் கடைசியிலேருந்து தெரியும். அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்."

"அதுக்கப்புறம் நீங்க பாத்ததுல பிழை இருக்கா?"

"அது எனக்குத் தெரியாது. அதான் எல்லாத்தையும் கொண்டுவந்திருக்கேன். வேற யாரையாவது விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

பார்க்கச் சொன்னார். இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு வந்தது. வரிகளுக்குள் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் பக்க எண் தவறு, ஒரு இடத்தில் மேலே மூலையில் இருந்த அத்தியாயத் தலைப்பு மாறியிருந்தது. பார்த்தாயா, ஓரம். கத்தரிக்கோல் அம்மா மழுப்பவில்லை. அட்டை, பக்க எண், தலைப்பு எல்லாம் இனி வேறொருவர் பார்ப்பார். தலைமைப் பிழைதிருத்துநர் என்ற பெயர்ப்பலகையும் அவர் மேசைக்குப் போகிறது. உள்பக்கம் முழுவதும் எனக்கு, திரையில் மட்டும். பலகை போனது இரண்டு நாள் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அகராதி என்னிடமே இருக்கிறது. நேற்று கத்தரிக்கோல் அம்மா என் மேசைக்கு வந்து, என் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "கண்ணு நல்லா இருக்கிறவங்களுக்கும் இது கிடைக்குமா? எனக்கு அந்த மணியும் பட்டையும் பாத்தாலே எரிச்சலா இருக்கு" என்றார். அவர் கணினியிலும் பலகணியைப் போட்டுக் கொடுத்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், 'குறைபார்வை முறை' வேண்டாம். நோயின் பெயரைப் பட்டியலில் தொங்கவிட்டால், வந்தவனும் அழுத்தக் கூசுவான், வராதவனும் அழுத்த மாட்டான். அது என்ன செய்கிறதோ அதையே பெயராக வை. 'நடுப்பத்தி'. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லில் இருந்து எடுத்தது, படித்ததும் புரியும். முட்டுக்கட்டை மறுத்தால் என்னிடம் அனுப்பு.

கடைசியாக ஒன்று. சொட்டு விட்டபின் சற்று நேரம் கண்ணை மூடியே வைத்திருக்கச் சொல்லியிருப்பார்களே? எனக்கும் அதே கட்டளைதான். அந்த நேரத்தில் நீ நிரல் எழுத முடியாது, நான் மெய்ப்புப் பார்க்க முடியாது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள், நானே கூப்பிடுகிறேன். எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சொட்டு விடு, நானும் விடுகிறேன். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டே பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
அக்கா